பதினேழாம் நம்பர் பாட்டில்

வாங்க தம்பி, வாங்க. உங்க செருப்பை வெளியிலயே விட்டுப்போட்டு இந்த நீலச் செருப்பைப் போட்டுக்குங்க. கம்பெனிக்காரங்கன்னாலும் எங்க லேப்ல அதுதான் சட்டம். உங்க ஆபீசுக்கு எத்தனை மெயில் போட்டேன் தெரியுமுங்களா? நாலு. நாலுக்கும் உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டதுன்னு ஒரே பதில். அப்பறம் போன் பண்ணி நல்லா நாலு வார்த்தை கேட்ட பொறகுதான் உங்களை பஸ் ஏத்தி விட்டிருக்காங்க. சரி, வந்துட்டீங்க. மணி ஒண்ணாகப் போகுது. மூணு மணிக்குக் கீழ கான்பரன்ஸ் ஹால்ல கமிட்டி. அதுக்குள்ள இந்தப் பெட்டியோட மெமரியில இருக்கறதை அத்தனையும் காகிதத்துல எடுத்து என்ற கையில குடுத்துப்போடுங்க. மேசை மேல வீசோணும் நான். வீசிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவேன்.

எதுக்குன்னா கேக்குறீங்க? என்ற பெட்டிக்குள்ள தண்ணி இருந்துச்சாம். கேட்டீங்களா? தண்ணி! பத்தொம்பது வருசமா நான் பாத்துக்கற க்ளோவ் பாக்ஸுக்குள்ள தண்ணியாம். சொன்னது யாரு? அஞ்சு வருசமா இதே பெட்டியில கையை விட்டு வேலை செஞ்ச பொண்ணு.

நீங்க வயரை மாட்டுங்க, நான் சொல்றேன். அந்தப் பின்பக்கம் இல்லீங்க, ஸ்க்ரீனுக்குக் கீழ. ஆ, அதுதான்.

பெட்டியைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லோணுமா? உள்ளார முழுக்க ஆர்கான் வாயு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு, இந்த ரெண்டு கருப்பு ரப்பர் கையுறைக்குள்ள கையை நுழைச்சுத்தான் உள்ள இருக்கறதைத் தொடோணும். ஏன்னா லித்தியத்துக்கு ஈரமே ஆகாது. இந்த ரப்பர் வழியாக்கூடக் கொஞ்சங் கொஞ்சமா ஈரம் உள்ள கசியுமுங்க, தெரியுமல்ல? அதனாலதான் ப்ளோயர் ராவும் பகலுமா ஓடிட்டே இருக்கோணும். வாயுவை உறிஞ்சி, வடிகட்டி, மறுக்கா உள்ள விடோணும். புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவேன். ப்ளோயர்தான் இதுக்கு மூச்சு, அதுல எவனாவது கை வச்சீங்கன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்னு. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்லுவேன்.

இந்த நோட்டைப் பாருங்க. தினமும் காலையில ஈரம் எத்தனைன்னு என்ற கையால எழுதறது. பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு கணக்கு. புள்ளி ஒண்ணு, புள்ளி ஒண்ணு, புள்ளி ஒண்ணு. எந்தப் பக்கத்தை வேணா புரட்டுங்க. ஞாயித்துக்கிழமை கூட இருக்குதுங்களா? லீவு நாளுக்கும் விட மாட்டேன். மறுநாள் வந்த உடனே முதல் வேலையா அதையும் சேத்து எழுதிப்போடுவேன். அது மாறாதுங்க. மாறினாத்தான பாத்து எழுதோணும்.

ரெஜினான்னு பேரு, இங்க பிஎச்.டி. பண்றா. தூத்துக்குடிப் பக்கம் தருவைகுளம். அப்பா உப்பளத்துல வேலை. நெம்பக் கஷ்டப்பட்டு வந்த பொண்ணுன்னுதான் நானும் நினைச்சேன். என்ற டிபன் பாக்ஸுல பாதி அஞ்சு வருசமா அவ வயித்துக்குத்தான் போயிருக்குது. யக்கா, யக்கான்னு வாய் நிறையக் கூப்புடுவா. அந்த வாய்தானுங்க இன்னைக்கு இப்படிச் சொல்லியிருக்குது.

அவ செஞ்சது லித்தியம் கார்பன் டை ஆக்சைடு பேட்டரி. பெட்டி உங்களுக்குத் தெரியும், பேட்டரி தெரியாது, கேளுங்க. ஒரு பக்கம் லித்தியம். இன்னொரு பக்கம் கரி பூசின காகிதம். நாம மூச்சு விடற அதே கரியமில வாயுதான் அந்தக் கரிக்கு வந்து சேரோணும். நடுவால எலக்ட்ரோலைட். ஒரு கரைப்பான், அதுல கரைச்ச லித்தியம் உப்பு, அவ்வளவுதான். கரண்டு எடுக்கறப்ப லித்தியம் அந்த எலக்ட்ரோலைட் வழியாப் போயி வாயுவோட சேந்து கரி மேல வெள்ளையாப் படியும். போர்த் தண்ணி காய்ச்சற பாத்திரத்துல உப்புப் படியுமல்லங்க, அதே மாதிரி. சார்ஜ் ஏத்தறப்ப அந்தப் படிவு கரைஞ்சு மறுக்கா வாயுவாப் போகோணும். அங்கதான் வில்லங்கம். அது லேசுல கரையாது. வோல்டேஜை ஏத்து ஏத்துன்னு ஏத்தோணும். ஏத்தினா, படிவு உடையறதுக்கு முந்தி எலக்ட்ரோலைட்டே உடைஞ்சு நாறிப் போகும். பேட்டரி பொழைக்கறதும் சாகறதும் நடுவால விடற அந்த நாலு சொட்டுலதானுங்க இருக்குது.

அந்த நாலு சொட்டுக்குத்தான் அந்தப் பொண்ணு அஞ்சு வருசம் மாரடிச்சா. அதை நான் இல்லைங்கல. முதல்ல நம்ம செல்போன் பேட்டரியில ஊத்தற கரைப்பானைப் போட்டுப் பாத்தா. ஆறு தடவை சார்ஜ் ஏறி இறங்குச்சு, முடிஞ்சுது. அப்பறம் இன்னொண்ணு. அதுல வாயு நல்லாக் கரையும், கரண்டும் அள்ளிக் குடுக்கும். ஆனா லித்தியத்தை மூணே நாள்ல கருக்கிப்போட்டுது. பேட்டரி செல்லைப் பிரிச்சா பூண்டு அழுகின மாதிரி வாடை. அதுக்கப்பறம்தான் கிளைம்னு ஒரு கரைப்பானுக்கு வந்தா. அது சாது. லித்தியத்தை ஒண்ணும் பண்ணாது, வோல்டேஜையும் கொஞ்சம் தாங்கும். ஆனா இருபது, இருபத்தி ரெண்டு தடவைக்கு மேல போகாது. உப்பைக் கூட்டினா, குறைச்சா, வேற உப்பு மாத்தினா. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு நம்பர் ஒட்டி என்ற பெட்டிக்குள்ள வரிசையா அடுக்கி வச்சிருந்தா. பதினாறு பாட்டில். பதினாறும் தோல்வி.

பதினேழாவது பாட்டில் தொண்ணூத்தி நாலு தடவை ஓடுச்சு.

தொண்ணூத்தி நாலுங்க! போன வருசம் அக்டோபர் கடைசியில. எங்க பேராசிரியர் சபாநாயகம் சார் லேபுக்குள்ள ஓடி வந்தாரு. அந்த மனுசன் ஓடி நான் பாத்ததே இல்ல. அந்த பாட்டில்ல இருந்து பண்ணின செல்லு அத்தனையும் ஓடுச்சு. எழுவது, எம்பது, தொண்ணூறு. உடனே கட்டுரை எழுதி அனுப்பினாங்க, ஏத்துக்கிட்டாங்க. காலேஜ் கேட்டுல ப்ளெக்ஸ் வச்சாங்க. கோட்டுப் போட்டுட்டு ஆளுயரத்துக்கு சார். மூலையில ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு ரெஜினா. என்ற பேரு எங்கயும் இல்ல. போகட்டும், நான் ப்ளெக்ஸுக்காக வேலை செய்யல. ஆனா, பெட்டியோட பேரையாவது போட்டிருக்கலாமல்லங்க? அது இல்லாம எந்த பாட்டில் வந்துச்சு?

எத்தனை பர்சன்ட் வந்திருக்குது? பதிமூணா? ஏனுங்க இத்தனை மெதுவா? அஞ்சு வருசத்து மெமரின்னா இருக்கும்தான். சரி, இந்தாங்க, டீ குடிங்க. லேபுக்குள்ள குடிக்கக் கூடாது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு குடிங்க. நான் இங்க இருந்தே பேசறேன்.

பொங்கலுக்கு முந்தி அந்த பாட்டில் தீந்து போச்சு. அதே கரைப்பான், அதே உப்பு, அதே அளவுல பதினெட்டாம் நம்பர் கலக்கினா. இருபத்தி ஒண்ணு. பத்தொம்பதாம் நம்பர், இருபது. வெளியூருல ஒரு லேபுல எங்க கட்டுரையைப் பாத்து அப்படியே செஞ்சிருக்காங்க. அவங்களுக்குப் பத்தொம்பதுதான் வந்துச்சு. கடுதாசி போட்டுக் கேட்டாங்க. சார் மூஞ்சி செத்துப் போச்சு. ரெஜினாவைக் கூப்புட்டு, என்ன பண்ணினே, நெசமாவே தொண்ணூத்தி நாலு வந்துச்சா, இல்ல நீயே எழுதிக்கிட்டியான்னு கேட்டாரு. அன்னைக்குக் கூட நான்தானுங்க அவளுக்காகப் பேசினேன். சார், செல்லு ஓடினதை நான் பாத்தேன்னு சொன்னேன். கேட்டுக்குங்க, நான்தான் சொன்னேன்.

அவ ரெண்டு மாசம் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சா. கடைசியில ஒரு நாள் காலையில லேபுக்குள்ள பறந்து வர்றா. "யக்கா, பிடிச்சிட்டேன்க்கா!"ங்கறா. கண்ணுல தண்ணி. என்னடி அம்மிணின்னு கேட்டேன். பதினேழாம் நம்பர் பாட்டிலோட அடியில ஒட்டிக்கிட்டிருந்த மிச்சத்தை எடுத்து ஈரம் அளக்கற மெஷின்ல விட்டுப் பாத்திருக்கா. பத்து லட்சத்துல முந்நூத்தி நாப்பது பங்கு. புது பாட்டில் எலக்ட்ரோலைட்ல அதே முந்நூத்தி நாப்பதுக்குத் தண்ணியை அளந்து விட்டு செல் பண்ணியிருக்கா. எம்பத்தி எட்டு தடவை ஓடுதாம்.

"தண்ணிதான்க்கா. துளித் தண்ணி இருந்தா அந்தப் படிவு வேற மாதிரி வளருது, லேசா உடையுது. அதிகமாப் போனா லித்தியம் செத்துரும், கொறைஞ்சா படிவு கட்டி தட்டிரும். இந்த அளவுதான் சரியா இருக்கு" அப்படீங்கறா.

நான் கேட்டேன். "சரி கண்ணு. அந்த பாட்டிலுக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?"

"உப்புல ஏறியிருக்கும்க்கா. உப்பை ஒரு தடவை தட்டுல திறந்து வச்சிருந்தேன்லா, பெட்டிக்குள்ள. அதுலதான்."

எனக்கு உச்சி முடி நட்டுக்கிச்சுங்க. பெட்டிக்குள்ளயா? என்ற பெட்டிக்குள்ள தட்டுல உப்பை ஒரு வருசம் திறந்து வச்சாலும் ஒரு பொட்டு ஈரம் ஏறாதுடின்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? "எங்க ஊர்ல பாத்திருக்கேன்க்கா. உப்பு ஈரத்தைத் தானாத் தேடிப் போவும். நாம கொண்டு ஊத்த வேண்டாம்." உப்பளத்து வியாக்கியானம்! உங்க ஊரு உப்பளம் வானத்துக்குக் கீழ கிடக்குது, என்ற உப்பு ஆர்கானுக்குள்ள கிடக்குது, ரெண்டும் ஒண்ணாடின்னு கேட்டேன். நோட்டைத் தூக்கி அவ முன்னால போட்டேன். புள்ளி ஒண்ணு, பாரு, புள்ளி ஒண்ணுன்னு. அழுதா. அழட்டும்னு விட்டுட்டேன். அன்னையில இருந்து டிபன் பாக்ஸும் இல்ல, பேச்சும் இல்ல.

தம்பி, நான் இந்தப் பெட்டியை எப்படி வச்சிருக்கேன்னு இந்தக் காலேஜ்ல யாரை வேணா கேளுங்க. ஆயுத பூஜைக்கு மத்த லேப்ல எல்லாம் மேசையைத் தொடைச்சுப் பொரி தின்னுட்டுப் போயிருவாங்க. நான் அப்படி விட மாட்டேன். ஒவ்வொரு மெஷினையும் கழுவித் தொடைச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, பெட்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, ஸ்க்ரீனுக்குப் புதுத் துண்டு போத்தி விடுவேன். வருசம் பூராவும் நமக்கு உழைக்குது, அன்னைக்கு ஒரு பொழுது அதுகளை யாரும் வேலை வாங்கக் கூடாது. எங்க வீட்டுல அரிவாமணையைக் கூடத் தொட விட மாட்டேன். முந்தின நாளே காய் நறுக்கி வச்சுக்குவேன். மறுபூஜை முடியற வரைக்கும் தொடக் கூடாதுன்னா தொடக் கூடாதுதான்.

போன வருசம் லீவு விடறதுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பூஜை போட்டோம். ரெஜினாவும் வந்து கோலம் போட்டா, பொரி தின்னா. வேற சாமி கும்புடற பொண்ணுன்னு நான் ஒரு நாளும் வித்தியாசம் பாத்ததில்ல. சூடம் காட்டி முடிச்ச பொறகு இவ என்ன பண்றா, நேரா வந்து கையுறைக்குள்ள கையை விடப் போறா! சந்தனப் பொட்டு கூடக் காயல. "உப்பைத் தட்டுல ஆற வச்சிருக்கேன்க்கா, மூடி மட்டும் போட்டுட்டு ஓடிருதேன், ஒரு நிமிசம்"ங்கறா. ஊருக்கு ஒன்றரை மணி பஸ்ஸாம். கையை எடுடின்னு சத்தம் போட்டேன். பூஜை போட்ட பொறகு ஒரு நிமிசம் என்ன, அரை நிமிசம் என்ன? திங்கக்கிழமை மறுபூஜை முடிச்சு மூடிக்கோ, உள்ள என்ன மழையா பேயுதுன்னு கேட்டேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போனா. பெரியவங்க சொன்னா அந்தக் காலத்துல கேட்டுக்கிட்டுச் சிரிச்ச மூஞ்சியா இருப்போம். இப்பப் பாருங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். இந்தக் கட்டுரை விவகாரத்தை விசாரிக்கப் போன வாரம் கமிட்டி முதல் தடவை உக்காந்துச்சு. என்னையும் கூப்புட்டாங்க. மூணு பேரு, அதுல ரெண்டு பேரு வெளியூரு. பெட்டியில ஈரம் ஏற வாய்ப்பு உண்டான்னு கேட்டாங்க. இல்லைங்கன்னேன். என்னைக்காவது ப்ளோயரை நிறுத்தியிருக்கீங்களான்னு கேட்டாங்க. ஒரு நாள் கூட நின்னதில்லைங்க, இதா நோட்டுன்னு எடுத்து வச்சேன். புரட்டிப் பாத்தாங்க. சபாநாயகம் சார் உடனே ரெஜினா பக்கம் திரும்பினாரு. "பெட்டியில தண்ணி இல்ல. அப்ப அந்த பாட்டிலுக்குத் தண்ணி தானா வரல. நீ வேணும்னே ஊத்தியிருக்கே. ஊத்திட்டு, ஈரமே இல்லாத எலக்ட்ரோலைட்டுன்னு எங்கிட்டச் சொல்லி என் பேர்ல கட்டுரை போட வச்சிருக்கே. இப்ப மாட்டிக்கிட்டதும் புதுக் கண்டுபிடிப்புன்னு கதை விடறே." அப்படீன்னாரு.

அவ என்ன சொன்னா? "நான் ஊத்தல சார். உப்புத் தட்டை நான்தான் மூடாமப் போயிட்டேன். அது என் தப்புதான்"னா. பாத்தீங்களா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. சொல்லிப்போட்டு என்னைப் பாத்தா. ஒரு பார்வை. நானும் பாத்தேன். நான் ஏனுங்க தலையைக் குனியோணும்? திருடின மாதிரி நான் ஏன் முழிக்கோணும்?

இன்னைக்கு மூணு மணிக்குத் தீர்ப்பு. அவளோட பிஎச்.டி. பதிவை ரத்து பண்ணப் போறாங்க. அஞ்சு வருசம் போச்சு. ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம், பெட்டி படுக்கையைக் கட்டி வச்சுட்டாளாம். பாவம்தான். எனக்கென்ன நெஞ்சு கல்லா? ஆனா ஒண்ணு தம்பி. பொய் சொல்றதா இருந்தா அவ மேலயே சொல்லிக்கட்டும். என்ற பெட்டி மேல எதுக்குச் சொல்லோணும்? கமிட்டியில ஒருத்தர் போற போக்குல கேட்டாரு, கையால எழுதின நோட்டை எப்படியம்மா நம்பறதுன்னு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். பெட்டியோட மெமரி உங்க பாஸ்வேர்டுக்குத்தான் திறக்குமாம். நோட்டை நம்பலைன்னா போகட்டும், மெஷின் சொன்னா நம்பித்தான ஆகோணும்?

முடிஞ்சுதுங்களா? எத்தனை பக்கம்? படமாவே வருதா? கோடு, ஆமாங்க, அந்த ஈரத்துக் கோடுதான். தரையோட தரையா எப்படிப் போகுது பாருங்க. புள்ளி ஒண்ணு. நான் எழுதினது அப்படியே. பாத்தீங்களா? பாத்தீங்களா தம்பி? இதை அப்படியே பிரிண்ட் போடுங்க. கலர்லயே போடுங்க.

அது என்ன?

இல்ல, அந்த மேடு. குன்றாட்டம் நிக்குதே, சிவப்புல.

அக்டோபரா? பத்தாந் தேதியில இருந்து பதினாலு வரைக்குமா? இருநூத்தி பன்னெண்டுன்னா... என்ன இருநூத்தி பன்னெண்டு? ஈரமா? சென்சார் கெட்டிருக்கும் தம்பி. உங்க கம்பெனி சென்சார் லட்சணம் எனக்குத் தெரியாதா? கெடலையா? பொறகு கரண்டு போயிருக்கும். கரண்டு இருந்துச்சா? அப்ப ப்ளோயர் ஏன் நின்னுச்சு?

கையாலயா? கையால நிறுத்தினதுன்னா போட்டிருக்குது? எந்தக் கை? இந்தப் பேனலுக்குச் சாவி ஒண்ணே ஒண்ணுதான் உண்டு, அது என்ற இடுப்புலதான் இருக்குது. வேற எவன் வந்து... மணி போட்டிருக்குதா? எத்தனை மணிக்கு?

பதினொண்ணு இருபது. வியாழக்கிழமை.

சித்தெ இருங்க. ஒண்ணும் பேசாதீங்க.

அன்னைக்கு நல்ல நேரம் பத்தே முக்கால்ல இருந்து பதினொண்ணே முக்கால். காலண்டரைப் பாத்து நான்தான் எல்லாரையும் கூப்புட்டேன். பர்னஸை அணைச்சு, வாக்குவம் பம்ப்பை அணைச்சு, கடைசியா பெட்டிக்கு மாலை போட்டு... அது நிறுத்தறது இல்லீங்க தம்பி. ஓய்வு குடுக்கறது. வருசத்துல ஒரே ஒரு தடவை. நிறுத்தினீங்களான்னுதான கமிட்டியில கேட்டாங்க? பூஜைக்கு ஓய்வு குடுக்கறதைப் போயி யாராவது நிறுத்தறதுன்னு சொல்லுவாங்களா? மூடின பெட்டிதான, ஒரு பொழுதுக்கு என்ன ஆயிருமின்னு... அந்த வருசம் லீவும் ஞாயிறும் சேந்து நாலு நாளாப் போச்சு. வெளியில மழை வேற.

திங்கக்கிழமை காலையில துண்டை எடுத்தப்ப ஸ்க்ரீன் சிவப்பாத்தான் இருந்துச்சு. பீப் பீப்னு கத்துச்சு. ஓய்வெடுத்துட்டு எந்திரிக்குது, சித்த நேரத்துல சரியாப் போயிருமின்னு ப்ளோயரைப் போட்டு விட்டேன். சாயங்காலம் புள்ளி ஒண்ணுக்கு வந்துருச்சு. வந்த பொறகு நாலு நாளைக்கும் சேத்து எழுதினேன். இதா, என்ற கையெழுத்து. புள்ளி ஒண்ணு, புள்ளி ஒண்ணு, புள்ளி ஒண்ணு, புள்ளி ஒண்ணு. அதே திங்கக்கிழமை காலையிலதான், பீப்பு கத்தறதுக்கு முந்தியோ பிந்தியோ, அவ கையை விட்டுத் தட்டை மூடினா. அடுத்த நாள் அந்த உப்புலதான் பதினேழாம் நம்பர் கலக்கினா.

முந்தின வருசமும் அப்படித்தானா? காட்டாதீங்க. வேண்டாம். சரி, காட்டுங்க. அஞ்சு வருசமுமா? ஒவ்வொரு அக்டோபருக்கும் ஒரு குன்று. உள்ள எதுவும் திறந்து கிடக்காததால ஒருத்தருக்கும் தெரியல.

அவ மூடி போட்டுட்டுத்தான் போறேன்னா. ஒரு நிமிசம்னா. கையை எடுடின்னு நான்தான் கத்தினேன். அந்தப் பொண்ணு கமிட்டியில அதைச் சொல்லவே இல்லைங்க! அக்காதான் மூட விடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதல்ல? நான்தான் மூடாமப் போயிட்டேன்னு தன் தலையில போட்டுக்கிட்டு என்னைப் பாத்தா. நான் மொறைச்சேன். அறிவிருக்குதா அவளுக்கு? நான் கத்தினா அவ கேக்கோணுமா? என்னை ஒரு தள்ளு தள்ளிட்டுப் போயி மூடியிருக்கக் கூடாதா? நாலு பேரு முன்னால சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? யாரு கேட்டா அவகிட்ட இந்த மரியாதையை?

இல்ல தம்பி, எனக்கு டீ வேண்டாம். என்னமோ கண்ணுல சந்தனத் தூசி. அழியாதுங்க அது, இந்த ஸ்விட்சு மேல பாருங்க, போன வருசம் நான் வச்ச பொட்டு காஞ்சு ஒட்டிக்கிட்டு அப்படியே இருக்குது. என்ற கட்டை விரலு அளவுக்கு.

ஏனுங்க அதையே பாத்துட்டு நிக்கறீங்க? மணி ரெண்டரை ஆச்சு. பிரிண்ட் போடுங்க. அந்தச் சிவப்பு நல்லாத் தெரியற மாதிரிப் போடுங்க. அஞ்சு வருசத்துதும் வேணும். உங்க சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுங்க. நிறுத்தியவர்னு ஒரு கட்டம் இருக்குதல்ல? அதை ஏன் காலியா விடறீங்க? தெரியவில்லைன்னு போடறீங்களா? எனக்கு நீங்க இரக்கப்பட வேண்டாம். அந்த வார்த்தையை அடிச்சுப்போடுங்க. பேர் எழுதுங்க. செ. மரகதமணி. பதவி, தொழில்நுட்ப உதவியாளர். ஓய்வுன்னு எல்லாம் போடாதீங்க, நிறுத்தியதுன்னே போடுங்க. கிறுக்காதீங்க, கமிட்டிக்காரங்க படிக்கோணும்.

சீக்கிரம் எழுதுங்க தம்பி, அந்தப் பொண்ணுக்கு நாலு மணிக்கு பஸ்.